வேலியில்லாத பத்துப் பரப்பு

நல்லூர்
16.02.1992

மட்டுவில் தென்னங்காணியில் ஓரடுப்பு மூட்டி, ஒரே பந்தியில் உண்டு, நடுவே ஒரு வேலியும் இல்லாமல் வாழத் துணிந்திருக்கும் ஐந்து குடும்பத்துப் பெரியோரே, தாய்மாரே!

நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கு நல்லூர் முருகன் காவல் நிற்பானாக. முகமறியாத ஒருவன் ஏன் எழுதுகிறான் என்று வியக்க வேண்டா. நான் சண்முகநாதன், உங்களோடு குடியிருக்கும் ஆசிரியை அருந்ததியின் அண்ணன். நீங்கள் கொட்டில் போட்டிருக்கும் பத்துப் பரப்பில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. எங்கள் தாய் விட்டுச்சென்ற, இன்னும் எல்லைக்கல் நடாத காணி அது.

என் குறை இதுதான்: என்னை ஒருவரும் கேட்கவில்லை.

பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறிவித்தல் நேற்று வந்தது. தன் பங்கை ஐந்து குடும்பத்துக்கும் பொதுவாக எழுதிக்கொடுக்கப் போகிறாளாம் என் தங்கை. பங்காளியாகிய நான், தேசவழமைச் சட்டப்படி அதை வாங்க எனக்குள்ள முதல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால்தான் உறுதிப் பத்திரம் முடியுமாம். முப்பது ஆண்டு மேடையில் நின்றவன் நான். இந்தக் குடாநாட்டில் ஒரு படிப்பகம் திறந்தாலும் என்னை அழைத்து முதலில் பேசவைத்தார்கள். என் தாயின் காணிக்கு மட்டும், எல்லாம் முடிந்தபின் கையெழுத்துக்கு ஆள் தேடுகிறீர்கள்!

ஒரு வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு கதவுக்கு ஒரு திறவுகோல், அத்திறவுகோலுக்கு ஒரு மடி என்பதல்லவா நாம் கண்ட வாழ்வு? மீன் மச்சம் காய்ச்சும் சட்டிக்கும் வெள்ளிக்கிழமைச் சோற்றுப் பானைக்கும் ஒரே அடுப்பா? கிணற்றில் முதல் வாளி எவருடையது? இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஐந்து குடும்பத்துக்கு ஓரடுப்பு என்றால், ஒருவர் கண்மூட ஐந்து வீடும் பட்டினியா? விற்கவும் முடியாது, சீதனமாக எழுதவும் முடியாது என்று நீங்களே உறுதியில் கட்டிவைக்கப் போகும் வீட்டை நாளை எந்த மாப்பிள்ளை ஏற்பான்?

கையெழுத்திட மாட்டேன். வணக்கம்.

சண்முகநாதன்


மட்டுவில்
01.03.1992

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். பனி இன்னும் விடவில்லை. உங்கள் தொய்வு இழுப்பு எப்படி இருக்கிறது?

கடிதத்தை ஐந்து குடும்பத்துக்கும் விலாசமிட்டு அனுப்பியிருந்தீர்கள். ஆகவே நான் தனியாகப் பிரிக்கவில்லை. மாலைச் சாப்பாடு வரை பலகையின்மேல் கிடந்தது. பிறகு ஜெபரட்ணம் மாஸ்டர் எழுந்து நின்று வாசித்தார். தெல்லிப்பழையில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர், மனைவியை இழந்தவர், தேவாலயத்தில் வேதம் வாசித்துப் பழகியவர். எங்கள் பந்தியில் வாசிப்பது அவர்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. "ஐந்து வீடும் பட்டினியா" என்ற இடத்தில் சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். மயிலிட்டி மார்கிரட் சொன்னாள், "எங்களை ஏசேக்குள்ளையும் இந்த மனுசன்ரை தமிழ் என்ன வடிவு. இன்னொருக்கா வாசியுங்கோ மாஸ்டர்." இரண்டாம் முறையும் வாசித்தார். மறுநாள் காலை கிணற்றடியில் பிள்ளைகள் "ஒரு வீட்டுக்கு ஒரு கதவு" என்று கத்திக்கொண்டு தண்ணீர் வார்த்துக் குளித்தார்கள்.

மறுமொழிகள் இவை. மச்சத்துக்கு வெளியே தனி அடுப்பு. புதனும் சனியும் மட்டும். கிணற்றில் முதல் வாளி முதலில் எழும்புகிறவருக்கு. கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வியும் எங்களுக்கு விளங்கியது. அதற்கும் இதே மறுமொழிதான். துக்க வீட்டைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவில்லை. புருசனை இழந்து ஏழு மாதமான அருமைநாயகியக்கா அழுதுவிட்டா. அதன்பின் ஒரு விதி எழுதினோம்: எந்தக் கதவில் துக்கமோ அந்தக் கதவுக்காரர் முப்பத்தொரு நாளும் குசினிக்கு வரத் தேவையில்லை, மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த விதி உங்களால் வந்தது.

சண்டையால் இவர்கள் ஊரைவிட்டு வந்து இரண்டு வருடமாகப் போகிறது. போன ஐப்பசியில் கொட்டிலுக்குள் முழங்கால் வெள்ளம். பிள்ளைகளை மேசைமேல் ஏற்றி வைத்தோம். இந்த மாரிக்கு முன் கல்லுச் சுவர் எழும்ப வேண்டும். உறுதி இல்லாமல் சுவர் எழுப்ப முடியாது. கையெழுத்தைத் தாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
அருந்ததி


நல்லூர்
10.03.1992

தங்கச்சி அருந்ததிக்கு,

நலம். தொய்வு பனியோடு போய்விட்டது. உன் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் பூசுகிறாயா?

தொடர்வண்டியின் வருகையை அறிவித்த வாயா என் மடலை வாசித்தது? "ஒரு வீட்டுக்கு ஒரு கதவு" என்று தொடங்கி "எந்த மாப்பிள்ளை ஏற்பான்" என்பது வரை ஒரே மூச்சில் ஏறவேண்டிய பந்தி அது. நடுவில் மூச்சு விட்டாரா? விட்டிருப்பார். "பட்டினியா" என்ற இடத்தில் சிரிப்பு எழுந்தது அவருடைய பிழை. அங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், தாழ்த்தியிருந்தால் அழுதிருப்பார்கள்.

எத்தனை பேர் இருந்தார்கள்? கடைசியில் இருந்தவர்களுக்குக் கேட்டதா? நாள்தோறும் அப்படித்தான் கூடியிருந்து கேட்பார்களா? மின்சாரமும் ஒலிபெருக்கியும் அற்ற இந்நாளில் இங்கே ஒருவரும் கூட்டம் வைப்பதில்லை. இரண்டு ஆண்டாக எனக்கு ஒரு மேடையும் வாய்க்கவில்லை. அதற்காகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வைகாசியில் மகள் ஞானாம்பிகைக்குத் திருமணம். மாப்பிள்ளை சீவரத்தினம், நல்ல பிள்ளை. மறைந்த என் மனைவியின், உன் மச்சாளின், சீதன வீட்டை, நான் முப்பத்திரண்டு ஆண்டு குடியிருக்கும் இந்த வீட்டை, முறைப்படி மகளுக்கு எழுதுகிறோம். உறுதியை அவை நடுவே நானே வாசிப்பேன். கட்டாயம் வா.

கையெழுத்தைப் பற்றி என் முடிவில் மாற்றம் இல்லை.

அண்ணன்


மட்டுவில்
31.05.1992

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். கலியாண அலைச்சலுக்குப் பிறகு நீங்கள் ஆறுதலாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளைகள் இருவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கலியாணத்தில் நாங்கள் கதைத்தது இரண்டு சொல். "வந்தியோ" என்றீர்கள், "ஓம்" என்றேன். உறுதியை நீங்கள் வாசித்தபோது பந்தல் முழுவதும் அடங்கியிருந்தது. அப்படி ஒரு குரல் இந்தப் பக்கத்தில் வேறு எவருக்கும் இல்லை.

கை கழுவப் பின்பக்கம் போனபோது சாய்ப்பு இறக்கிய பத்திக்குள் உங்கள் புத்தக அலுமாரி நிற்கக் கண்டேன். அதன் உயரமும் அகலமும் என்ன? அளந்து எழுதுங்கள்.

இங்கே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டோம். நடுவில் பெரிய கூடம், அதன் ஒரு பக்கம் பொதுக் குசினி. கூடத்தைப் பார்த்தபடி ஆறு கதவு. அறைகளுக்கு வெளிப்பக்கக் கதவு இல்லை. போகிறவரும் வருகிறவரும் கூடத்துக்குள்ளால்தான் போய்வர வேண்டும். அதைத்தான் மேசன் ஆறு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டான். எனக்கும் சேர்த்து ஐந்து கதவுக்கு ஆட்கள் உண்டு. ஆறாவதைப் பற்றி இன்னும் முடிவில்லை.

கையெழுத்து?

உங்கள் தங்கச்சி,
அருந்ததி


நல்லூர்
07.06.1992

தங்கச்சி அருந்ததிக்கு,

நலம், நலமறிய விழைகிறேன்.

உயரம் ஆறடி, அகலம் நாலடி இரண்டு விரல். கண்ணாடிக் கதவு இரண்டு. எதற்குக் கேட்கிறாய்? அது விற்பனைக்கு இல்லை.

ஆறாவது கதவு யாருக்கு? அந்த நிலைய அதிபரின் உறவினர் எவருக்கேனுமா? திருமணப் பந்தலில் நம் சுற்றத்தார் பேசியது என் காதில் விழுந்தது. மாலை வேளையில் நீயும் அவரும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கிறீர்களாம். அவர் வாசிக்கிறாராம், நீ விளக்கைத் தூண்டிக்கொடுக்கிறாயாம். ஊர் பேசுகிறது; நான் பேசவில்லை. ஐம்பத்து நான்கு அகவையில் நீ எவரோடு எப்பலகையில் அமர்வாய் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால், அந்தப் பலகை கிடப்பது பாதி என் நிலத்தில்.

உனக்கு விதித்த தனிமையை நீ ஒரு திருவிழாவாக ஆக்கிக்கொண்டாய். நன்று. ஊரே வேலிக்கு மேல் வேலி அடைக்கும் காலத்தில் உன்னைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். நன்று, நன்று.

சீவரத்தினம் ஒரு வழி சொன்னான். முதல் உரிமையை விடாமல், உன் பங்கை நானே வாங்கிவிட்டால் பத்துப் பரப்பும் ஒரு கையில் சேரும். நாளை அவர்களுக்கும் உதவும். அப்படியே செய்ய எண்ணியுள்ளேன்.

அண்ணன்


மட்டுவில்
12.06.1992

அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

ஒரே பலகையில்தான் இருக்கிறோம். பதினெட்டுப் பேருக்குப் பலகை மூன்றுதான்.

1964 ஆவணியை நினைத்துப் பாருங்கள். சரசாலையிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும் என்றார்கள். காணி கையில் இருந்தால் தாங்களே கட்டிக்கொள்வதாகவும் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இதே பத்துப் பரப்பில் உங்கள் பாதியை விட்டுத்தரும்படி இதே கையெழுத்தைத்தான் கேட்டேன். சீதனம் ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவன் தன் தங்கைக்குச் சீதனம் எழுதுவதா என்றீர்கள். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கும் நீங்கள் மேடையால் இறங்கிப் போய்ப் படுத்தது மச்சாளின் சீதன வீட்டில்.

இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் வீட்டு அறைகளில் இருந்து படிப்பித்தேன். அதற்காக ஒரு நாளும் உங்களிடம் கேட்டதில்லை. இப்போதும் எனக்காகக் கேட்கவில்லை. வாங்குவதென்றால் வாங்குங்கள். வாங்கிய பிறகு மார்கிரட்டின் பிள்ளைகளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

அருந்ததி


மட்டுவில்
19.07.1992

கனம்பொருந்திய சண்முகநாதன் ஐயா அவர்கட்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். அனுமதியில்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரு ஒப்புதல். உங்கள் கடிதத்தின் அந்தப் பந்தியில் நான் இரண்டு தரம் மூச்சு விட்டேன். அறுபத்தெட்டு வயசு. உங்கள் திருத்தத்தை அருந்ததி ரீச்சர் சொன்னபின் ஒரே மூச்சில் முயன்று பார்த்தேன், இருமல் வந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு எரிச்சலும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக வாசிக்கிறேன். ஒரு நாளாவது என்னிடம் ஒருவரும் "இன்னொருக்கா" என்று கேட்டதில்லை. உங்கள் கடிதத்துக்குத்தான் கேட்டார்கள்.

இரண்டாவது, நீங்கள் அறியவேண்டிய சங்கதி. போன ஞாயிறு ஆறாவது கதவைப் பற்றி முடிவெடுக்க இருந்தோம். மார்கிரட் எழும்பி, "எங்களை ஏசவும் ஒரு ஆள் வேணும். வெளியிலை நிண்டு ஏசுறதை உள்ளுக்கை இருந்து ஏசட்டும்" என்றாள். எங்கள் விதிப்படி எல்லாக் கையும் உயர்ந்தால்தான் ஒருவரைச் சேர்க்கலாம். எல்லாக் கையும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. ரீச்சரின் கையில் அகப்பை இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

ஆகையால் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடக்கிறது. ஆறடி உயரத்துக்கும் நாலடி இரண்டு விரல் அகலத்துக்கும் மேசனின் வரைபடத்தில் அங்கே ஒரு சுவர் மாடம் குறித்திருக்கிறது. அதை யார் குறித்தது என்று நான் கேட்கவில்லை.

தாழ்மையுள்ள,
ச. ஜெபரட்ணம்


நல்லூர்
09.08.1992

அன்புத் தங்கை அருந்ததிக்கு,

உடல் நலம். உன் நலம் கேட்கும் உரிமை எனக்கு உண்டோ என்று தெரியாமல் கேட்கிறேன்.

இரண்டு திங்கள் எழுதவில்லை. எழுதியவற்றை எல்லாம் கிழித்தேன்.

திருமண நாளில் உறுதி வாசித்தேன் அல்லவா? "இன்று தொட்டு இவ்வீட்டில் எனக்கு எவ்வகை உரித்தும் இல்லை" என்ற வரிக்கு வந்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. வரியின் முடிவில் உயர்த்திப் பழகிய குரல். எல்லாரும் பாராட்டினார்கள். அன்று மாலையே முன்னறையிலிருந்து என் கட்டில் பத்திக்குப் போயிற்று. மகள்மேல் குறையில்லை, தேநீர் நேரம் தவறாமல் வரும். அவர்களுடைய சாளரம் பத்திப் பக்கம் திறக்கிறது. ஆகவே இருமல் வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய் இருமிவிட்டு வருகிறேன்.

உன் பலகையின்மேல், உன் பதினெட்டுப் பேரின்மேல், அவர்களுக்கு வாசித்துக்காட்டும் மனிதரின்மேல் எனக்குத் தீராத அழுக்காறு. அது இன்று முளைத்ததன்று. 1964இல் நான் மறுத்தது கொள்கையால் அன்று. என் பெயரில் ஒரு கூரையும் இல்லை. மனைவியின் வீட்டில் மனைவியின் கதவைத் திறந்துகொண்டு போய்வந்தேன். உன் பெயரில் ஒரு முழு வீடு எழுவதை என்னால் பார்த்திருக்க முடியாது. அந்த ஆற்றாமைக்குக் கொள்கை என்று பெயரிட்டு, அடுத்த கிழமையே அதை மேடையில் ஏறிப் பேசினேன். மாலை போட்டார்கள்.

இருபத்தெட்டு ஆண்டு நீ தங்கிய அறைகள் ஒவ்வொன்றுக்கும் நானே பொறுப்பு. பொறுத்துக்கொள் என்று கேட்கவும் கூசுகிறேன்.

அண்ணன்


மட்டுவில்
16.08.1992

அண்ணைக்கு,

நான் சுகம். இருமலுக்குத் தூதுவளை இடித்து அனுப்புகிறேன். தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள்.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். நொத்தாரிசின் படிவம் அதற்குள் இல்லை.

அழகான கடிதம். அழகாக இருப்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பந்தியில் வாசிக்கக் கொடுக்கவில்லை. மாஸ்டர் கேட்டார், இது எனக்கு மட்டும் வந்தது என்று சொல்லிவிட்டேன். 1964இல் நீங்கள் மறுத்தது ஊருக்கு முன்னால். அதற்கு மறுமொழி என் பெட்டிக்குள் வந்து கிடக்கிறது.

மாஸ்டர் உங்களுக்கு எழுதியதும் தெரியும். என் கையைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: அது கையெழுத்துக்கு மாற்றாகக் கொடுக்கிற சாமான் இல்லை. கையெழுத்துப் போட்டாலும் அது உயராமல் இருக்கலாம்.

ஆவணி முடியுமுன் அத்திவாரம் வெட்டாவிட்டால் மாரிக்கு முன் சுவர் காயாது என்கிறான் மேசன். ஒரு கிழமை பார்ப்பேன். அதற்கு மேல், இந்த மாரியையும் மேசையில் ஏறி இருந்து கழிப்போம்.

அருந்ததி


நல்லூர்
23.08.1992

மட்டுவில் காணியில் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கும் ஐந்து குடும்பத்துப் பெரியோரே, தாய்மாரே!

நலமாக இருக்கிறேன், தூதுவளை உதவியது. உங்கள் அனைவர் நலமும் அறிய விழைகிறேன். இம்முறையும் விலாசம் உங்கள் எல்லாருக்கும்தான். தெரிந்தே இட்டேன்.

ஐயா ஜெபரட்ணம், எழுந்து நில்லுங்கள். இதை வாசிக்க நான் விரும்பும் குரல் என்னுடையது. தகுதியுள்ள குரல் உங்களுடையது. அடுத்த பந்தியில் எங்கு வேண்டுமானாலும் மூச்சு விடலாம். ஒரு சொல்லையும் விட வேண்டா.

1964ஆம் ஆண்டு ஆவணியில், என் தங்கை அருந்ததி ஒரு கையெழுத்துக் கேட்டாள். என் கையில் அது இருந்தது. சீதனத்துக்கு எதிரானவன் என்று சொல்லி மறுத்தேன். சொன்னது பொய். நான் சீதன வீட்டில் குடியிருந்தேன். அவளுக்கு வீடு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அவள் வாழ்வு கெட்டது.

நேற்று நொத்தாரிசிடம் போனேன். சான்று இருவர் முன்னிலையில், அருந்ததியின் பங்கில் எனக்குள்ள முதல் உரிமையை விட்டுக் கையெழுத்திட்டேன். என் பாதியையும் உங்கள் ஐந்து குடும்பத்தின் பெயரில் பொதுவாக எழுதிவிட்டேன். விற்க முடியாது, சீதனமாகக் கொடுக்க முடியாது என்ற உங்கள் விதியையும் அதில் சேர்க்கச் சொன்னேன். எனக்கு அறை வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. தேடிப் பார்க்க வேண்டா. சீவரத்தினம் நேற்று முதல் என்னோடு பேசுவதில்லை. பேனையைத் தேடி எடுத்துத் தந்தவள் ஞானாம்பிகை. "போடுங்கோ ஐயா" என்றாள். இரண்டு உறுதிகளும் இத்துடன் உள்ளன. பின்பக்கம் பார், தங்கச்சி.

அழுக்காறு என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நீங்கள் இதைக் கேட்கும் இந்த நொடியில் ஐயா ஜெபரட்ணம் நிற்கும் இடத்தில் நான் இல்லையே என்று இங்கே பத்தியில் இருந்து வெந்துகொண்டிருக்கிறேன். அந்த மாடத்தில் அவருடைய நூல்களை அடுக்கிவிட வேண்டா என்று கேட்கவும் வாய் எழுகிறது. கேட்கவில்லை.

இனிக் கேட்பது ஒன்றே. அருந்ததியின் கையை ஒருவரும் பார்க்க வேண்டா. அகப்பை அவள் கையிலேயே இருக்கட்டும். ஆறாவது கதவு சுவராகவே எழுந்தாலும் எழட்டும். ஆனால் ஐந்து கதவுக்கும் இனி ஒரு நாளும் காத்திருக்க முடியாது. வடகிழக்கே கருக்கொண்டு வருகிறது. மேசனுக்கு ஆள் அனுப்புங்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. சோறு ஆறட்டும், இலையை விட்டு எழுங்கள், மண்வெட்டியை எடுங்கள், சுண்ணாம்புக் கோட்டின்மேல் முதல் வெட்டை வெட்டுங்கள். இப்போதே!

சண்முகநாதன்